அடிப்படை வகை மின்சார எஸ்யூவி: 19,000 கிலோமீட்டர் ஓட்டியபின் எழுதுவது

பதிவு 1 | சாலைக்குருவி

வாங்கிய மாதமே எழுதியிருக்கலாம். ஆனால் அது புதுமாப்பிள்ளையிடம் இல்லறம் எப்படி என்று கேட்பதைப் போல இருந்திருக்கும். இப்போது பதினான்கு மாதங்களும் 19,000 கிலோமீட்டரும் கடந்துவிட்டன. மயக்கமும் தெளிந்துவிட்டது, கோபமும் தணிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் மூன்றாவது பதிவிலேயே நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம். விவரம் மட்டும் தருகிறேன். 4.3 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், முன்சக்கரங்களை இயக்கும் ஒரே மோட்டார், 100 கிலோவாட் திறன். பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, பயன்படுத்தக் கிடைப்பது 50 யூனிட். வழியில் உள்ள நிலையங்களில் வேகமாக ஏற்றும் டிசி சார்ஜிங்கின் உச்சம் 80 கிலோவாட் என்று கையேடு சொல்கிறது. விலைப்பட்டியலில் முதல் வரியில் இருக்கும் வகை, அதாவது அடிப்படை வகை.

முதலில் ஓட்டம். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட ஒன்பது நொடி சொச்சம் ஆகிறது. இந்த எண் யாரையும் மயக்காது. ஆனால் சிக்னலில் பச்சை விழுந்தவுடன் முதல் ஐம்பது கிலோமீட்டர் வேகம் வரை இது போகும் விதமே வேறு. கியர் மாற்றம் இல்லை, டர்போ விழித்துக்கொள்ளும் வரை காத்திருப்பதும் இல்லை. மிதித்தால் போகிறது. தொண்ணூறைத் தாண்டியபின் அந்தத் துள்ளல் மெல்ல வடிந்துவிடும். இருவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரியை முந்த நினைத்தால் இரண்டு முறை யோசிக்க வேண்டும். மழை ஈரத்தில் வலதுகாலை அழுத்தினால் முன்சக்கரங்கள் ஒருகணம் வழுக்கிச் சுழலும், ஸ்டியரிங் கையில் லேசாக இழுக்கும்.

எனக்குப் பிடித்தது மலைப்பாதை. 900 மீட்டர் உயரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் இறங்கினோம். உச்சியில் பேட்டரியில் 41 சதவீதம் இருந்தது, அடிவாரத்தில் 44. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அதை மின்சாரமாக்கித் திருப்பி ஏற்றிவிடுகிறது. பிரேக் மிதியை நான் நான்கு தடவைகூடத் தொட்டிருக்க மாட்டேன்.

செலவாகும் மின்சாரத்தை நோட்டில் குறித்து வருகிறேன். ஏசி ஓட, சமதளத்தில், சீரான வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு: 80 வேகத்தில் 13.5 யூனிட், 100 வேகத்தில் 17, 120 வேகத்தில் 22. ஊருக்குள் 13-க்கும் 15-க்கும் இடையில். ஒரு முழு சார்ஜுக்கு இவ்வளவு என்று கையேட்டில் போட்டிருக்கும் தூரத்தை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய்.

அடிப்படை வகையில் இல்லாதவை: ஹீட் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் உள்ளறையைச் சூடாக்குவது), பின்சீட்டுக்கு ஏசி துவாரம், சுற்றிலும் காட்டும் கேமரா, மாற்றுச் சக்கரம். மாற்றுச் சக்கரத்துக்குப் பதில் ஒரு பசை பாட்டிலும் காற்றடிக்கும் குட்டி இயந்திரமும் தருகிறார்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்கலாம்.

அடிப்படை வகை என்பதால் தப்பியவையும் உண்டு. மேல்வகையில் திரை பெரிது, ஏசியின் குளிரைக் குறைக்கக்கூடத் திரைக்குள் நுழைய வேண்டும். என்னுடையதில் திருகும் குமிழ் இருக்கிறது. மேல்வகைக்கு 19 அங்குலச் சக்கரம், எனக்கு 17. பார்வைக்கு எளிமைதான், ஆனால் பள்ளங்களை மென்மையாகத் தாண்டுகிறது. யூனிட் செலவும் குறைவு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஒரு பெரிய சங்கதியைப் பிறகு சொல்கிறேன், அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

பதிவு 2 | பழைய டீசல்

நேர்மையான அறிக்கை, அதற்கு நன்றி. ஆனால் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 120 வேகத்தில் 22 யூனிட் என்றால் 50 யூனிட் பேட்டரிக்கு 227 கிலோமீட்டர். அதையும் முழுதாகக் காலிசெய்ய உங்களுக்குத் தைரியம் வராது. என் டீசல் வண்டி ஒரு டேங்கில் 800 கிலோமீட்டர் போகிறது, நிரப்ப ஐந்து நிமிடம். இதை எஸ்யூவி என்று அழைப்பதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. உயரமான ஊர்சுற்றி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பதிவு 3 | முறுக்குவிசை

டீசலாரே, நீங்கள் சொன்னதைவிட நிலைமை மோசம். நெடும்பயணத்தில் முதல் கட்டத்துக்கு மட்டும்தான் முழு பேட்டரி. அதன்பிறகு எல்லோரும் 10-லிருந்து 80 சதவீதம் வரைதான் ஏற்றுகிறார்கள். 50 யூனிட்டில் எழுபது சதவீதம் என்றால் 35 யூனிட். 120 வேகத்தில் 160 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்க வேண்டும்.

ஆனால் அடிப்படை வகை மின்காரை வாங்குகிறவர் இழப்பது வேகத்தை அல்ல என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை. விளம்பரங்கள் 0-100 நொடிக்கணக்கைத்தான் முன்னால் வைக்கின்றன. இந்தப் பிரிவிலேயே ஜீப் அவெஞ்சருக்கு 9.0 நொடி, பிஒய்டி ஆட்டோ 3-க்கு 7.3, பெரிய பேட்டரி கொண்ட ஒற்றை மோட்டார் வால்வோ இஎக்ஸ்30-க்கு 5.3. மூன்றையும் ஊருக்குள் ஓட்டினால் மூன்றும் தேவைக்கு மேல் சுறுசுறுப்பானவை. வித்தியாசம் தெரியும் இடம் சார்ஜிங் நிலையம்.

சிறிய பேட்டரி மெதுவாகத்தான் குடிக்கும். கிலோவாட் என்பது குழாயில் தண்ணீர் வரும் வேகம், யூனிட் என்பது குடத்தின் கொள்ளளவு. குடம் சிறிதானால் அது தாங்கும் குழாயும் சிறிதுதான், ஏனென்றால் உள்ளே செல்கள் குறைவு, ஒவ்வொரு செல்லும் ஏற்கும் மின்னோட்டத்துக்கு எல்லை உண்டு. ஆகவே அடிப்படை வகைக்காரருக்கு இரட்டை அடி: அடிக்கடி நிற்க வேண்டும், நின்றால் மெதுவாக ஏறும்.

சாலைக்குருவி, 80 கிலோவாட் என்பது உச்சம்தான். எந்தச் சதவீதத்தில் எவ்வளவு ஏறியது என்று குறித்தீர்களா? அந்த வரைபடம் இல்லாமல் உச்ச எண்ணால் ஒரு பயனும் இல்லை.

பதிவு 4 | சாலைக்குருவி

குறித்தேன். 12 சதவீதத்தில் நுழைந்தபோது 78 கிலோவாட். 35 சதவீதத்தில் 71. 55-இல் 58. 70-இல் 44. 80-ஐத் தொடும்போது 33. ஒருமுறை பிடிவாதமாக 90 வரை உட்கார்ந்தேன், 18-க்கு இறங்கிவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. 10-லிருந்து 80 வரை சராசரி 60 கிலோவாட், 35 நிமிடம்.

குளிர்காலக் காலையில் நேராக நிலையத்துக்குப் போனால் 40 கிலோவாட்டைத் தாண்டவே மறுக்கிறது. எல்எஃப்பிக்குக் குளிர் ஆகாது. என் வகையில் பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி கிடையாது, மேல்வகையில் உண்டு.

எஸ்யூவி என்ற பெயர் பற்றி டீசலார் சொன்னதை மறுக்கமாட்டேன். நான்கு சக்கர இயக்கம் இல்லை, வயிற்றின் கீழே பேட்டரிப் பலகை. மண்பாதையில் கல்லைக் கண்டால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பதிவு 5 | பின்சீட்டுப் பயணி

என் கணவர் இதே அளவிலான மின்சார எஸ்யூவி ஒன்றை வாங்கினார். அவர் ஓட்டுகிறார், நான் பின்னால் குழந்தையோடு உட்காருகிறேன். பின்சீட்டின் சார்பாக யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது, அதனால் தரை மேலே வந்துவிட்டது. கூரையை அதே அளவு உயர்த்த முடியாது, உயர்த்தினால் காற்று தடுக்கும். எனவே இருக்கையைத் தாழ்த்திவிட்டார்கள். விளைவு, முழங்கால் நெஞ்சை நோக்கி எழுகிறது, தொடை இருக்கையில் படியவே இல்லை. அரை மணிநேரத்துக்கு மேல் போனால் உடலின் முழுப் பாரமும் இடுப்பில் இறங்குகிறது. ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தபோது இது தெரியவில்லை. “நடுவில் மேடு இல்லாத சமதளத் தரை” என்று விற்பனையாளர் பெருமையாகக் காட்டினார். மேடு இல்லைதான். மொத்தத் தரையுமே மேடாகிவிட்டது.

பின்பக்க ஏசி துவாரம் இல்லாததைச் சாலைக்குருவி ஒரே வரியில் கடந்துவிட்டார். அவர் பின்னால் உட்காருவதில்லை என்பது தெரிகிறது. பின்னோக்கிய குழந்தை இருக்கையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு முன்னாலிருந்து வரும் காற்று எட்டுவதே இல்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் குழந்தை தூங்குவதுபோல் வேறெங்கும் தூங்கியதில்லை. அதிர்வும் இல்லை, கியர் மாறும்போது வரும் தலையாட்டமும் இல்லை. ஆனால் காலை எடுத்தாலே வண்டி வேகம் குறைவதால் பிரேக்கைத் தொடாமல் ஒற்றை மிதியில் ஓட்டுகிறேன் என்று என் கணவர் காலை எடுத்து எடுத்து வைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அதை மிதமான நிலையில் வைக்கச் சொல்லி இரண்டு வாரம் சண்டை போட்டேன்.

பதிவு 6 | சாலைக்குருவி

அம்மா, கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். உங்கள் பதிவைப் படித்தபின் நேற்று என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து இருபது நிமிடம் போனேன். தம்பி ஓட்டினான். நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. பதினான்கு மாதமாக என் பெற்றோர் மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பதிவு 7 | கணக்குப்பிள்ளை

மூன்று வேகங்களுக்கான யூனிட் எண்களைப் பார்த்ததும் கை அரித்தது. இயற்பியலோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தேன்.

வண்டியைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு: டயர் உருள்வதன் எதிர்ப்பு, காற்றின் எதிர்ப்பு. முதலாவது வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. இந்த எடைக்கு ஏறத்தாழ 170 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். காற்று அப்படியல்ல, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இத்தகைய உயரமான முகத்துக்கு 80-இல் சுமார் 220 நியூட்டன், 120-இல் 500. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, காற்றின் தடை இரண்டேகால் மடங்காகிவிட்டது. மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதையும் ஏசிக்கு ஒரு கிலோவாட்டையும் சேர்த்தால் சாலைக்குருவியின் நோட்டில் உள்ள எண்களே வருகின்றன. மனிதர் பொய் சொல்லவில்லை.

இனிதான் சுவையான பகுதி. 400 கிலோமீட்டர் பயணம். முழு சார்ஜில் கிளம்பி, 10 சதவீதத்துக்குக் கீழே போவதில்லை என்றால் கையில் இருப்பது 45 யூனிட். மீதியை வழியில் ஏற்ற வேண்டும்.

120 வேகத்தில் போனால் 88 யூனிட் தேவை, வழியில் ஏற்றுவது 43. ஓட்டும் நேரம் 200 நிமிடம். 100 வேகத்தில் போனால் 68 யூனிட் தேவை, ஏற்றுவது 23. ஓட்டும் நேரம் 240 நிமிடம்.

நிலையம் சராசரியாக 60 கிலோவாட் தந்தால் 120-இல் போனவர் 243 நிமிடத்திலும் 100-இல் போனவர் 263 நிமிடத்திலும் சேர்வார்கள். வேகக்காரருக்கு இருபது நிமிட லாபம்.

நிலையம் 30 கிலோவாட்தான் தருகிறது என்று வையுங்கள். 120-காரருக்கு 200 + 86. 100-காரருக்கு 240 + 46. இருவருக்கும் 286 நிமிடம்! காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தேன், அதேதான். 25 கிலோவாட்டுக்கு இறங்கினால் மெதுவாகப் போனவர் முதலில் சேர்ந்துவிடுகிறார். முயல் ஆமைக் கதை சார்ஜிங் நிலையத்தில் நிஜமாகிறது.

அப்படியென்றால் 80-இல் போகலாமே என்று கேட்காதீர்கள். ஓட்டுவதற்கே 300 நிமிடம் போய்விடுகிறது, 30 கிலோவாட் நிலையத்தில்கூடத் தோற்றுப்போகும்.

மலை இறக்கத்தையும் பார்த்துவிட்டேன். ஆட்களோடு 1,850 கிலோ என்றால் 900 மீட்டர் உயரத்தில் தேங்கியிருப்பது நாலரை யூனிட். டயரும் காற்றும் அதில் பாதியை விழுங்கும். எஞ்சியதில் மாற்றத்தின்போது கொஞ்சம் வீணாகி, பேட்டரிக்குச் சேர்வது ஒன்றே முக்கால் யூனிட் சொச்சம். 50-இல் அது மூன்றரைச் சதவீதம். 41 எப்படி 44 ஆனது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

பதிவு 8 | பழைய டீசல்

கணக்குப்பிள்ளை ஐயா, உங்களோடு வாதிட எனக்குத் தெம்பு இல்லை. ஒரு சந்தேகம் மட்டும். இத்தனை எளிய கணக்கு இருக்கும்போது நிறுவனங்கள் தரும் தூரம் ஏன் இப்படி வானத்தில் மிதக்கிறது? இதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லையா?

பதிவு 9 | முறுக்குவிசை

பொய் அல்ல, சோதனை அப்படி. ஐரோப்பாவில் தூரத்தை அளக்கும் டபிள்யூஎல்டிபி ஆய்வகச் சோதனை 30 நிமிடம் ஓடும், 23.25 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். 131 வரை ஒருமுறை தொடுகிறது, அதுவும் சில நொடிகள். அறை வெப்பம் 23 டிகிரி, ஏசி அணைந்திருக்கும். அதற்கு முந்தைய என்இடிசி சோதனையில் சராசரி 33.6-தான். நெடுஞ்சாலையில் நிலையாக 110-இல் போகிறவருக்கு இந்த எண் பொருந்தும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை, ஆனால் விளம்பரத்தில் அந்த விளக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

சோதனை மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் நல்ல உதாரணம். 39.2 யூனிட் பேட்டரி வகைக்கு ஐரோப்பாவில் டபிள்யூஎல்டிபி சொன்னது 289 கிலோமீட்டர். அதே 39.2 யூனிட்டோடு 2019-இல் இந்தியாவில் அறிமுகமானபோது அங்குள்ள சான்று 452. பேட்டரி ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. இரண்டு மாதிரிகளை ஒப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே சோதனையின் எண்ணை எடுத்துக்கொள்கிறோமா என்று முதலில் பாருங்கள்.

மலையிறக்கம் பற்றி ஓர் எச்சரிக்கை. உச்சியில் இரவு முழுக்க சார்ஜ் செய்து 100 சதவீதத்தோடு இறங்க ஆரம்பித்தால், மோட்டார் திருப்பித் தரும் மீட்புமின்சாரம் போக இடமில்லை. வண்டி தானாக வேகம் குறைக்காது, முழு வேலையும் பிரேக் கட்டைகள் தலையில் விழும். ஒற்றை மிதிக்குப் பழகிய கால் அங்கே ஏமாறும். மலைமேல் தங்கினால் 90-இல் நிறுத்திவிடுங்கள்.

பதிவு 10 | சாலைக்குருவி

முதல் பதிவில் பாக்கி வைத்த சங்கதி இதுதான்.

எட்டாவது மாதம். ஒன்பது நாள் வெளியூர் போயிருந்தோம், வேறு வாகனத்தில். கார் வீட்டில் 62 சதவீதத்தோடு நின்றது. திரும்பிய மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. சாவியோடு அருகே போனால் உள்வாங்கியிருக்கும் கதவுக் கைப்பிடி வெளியே வர வேண்டும். வரவில்லை. பொத்தானை அழுத்தினேன். கண்சிமிட்டக்கூட இல்லை. கைபேசிச் செயலி “வாகனத்தைத் தொடர்புகொள்ள இயலவில்லை” என்றது. இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்!

சாவிக்குள் ஓர் உலோகத் துண்டு ஒளிந்திருக்கும் என்று படித்த நினைவு. பிடுங்கி எடுத்தேன். அதை நுழைக்கத் துவாரம் எங்கே? கைபேசி வெளிச்சத்தில் கையேட்டின் பிடிஎஃப்பைத் தேடி, ஓட்டுநர் கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருப்பதைக் கண்டுபிடித்தேன். நெம்பியதில் என் நகமும் உடைந்தது, வண்டியின் சாயமும் கீறிவிட்டது. கதவு திறந்தது, உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. பானெட்டைத் திறக்கும் நெம்புகோலைக் கையால் துழாவி இழுத்தேன். முன்னால், நம் பழைய கார்களில் இருக்கும் அதே வகை 12 வோல்ட் பேட்டரி. மீட்டர் வைத்தால் 8.9 காட்டியது.

பக்கத்து வீட்டுக்காரரின் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரை எழுப்பி வாங்கி வந்து மாட்டினேன். (எழுப்பியது அவரையும்தான்.) மூன்று நொடியில் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் விழித்தது. பெரிய பேட்டரியில் 62 சதவீதம் அப்படியே இருந்தது.

சர்வீஸ் நிலையத்தில் முதல்முறை மென்பொருளைப் புதுப்பித்து அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் மறுபடி அதே கதை. இரண்டாம் முறையும் மென்பொருள். மூன்றாம் முறை நான் கிளம்பாமல் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டதால் 12 வோல்ட் பேட்டரியை மாற்றித் தந்தார்கள். அதன்பிறகு தொல்லை இல்லை.

பதிவு 11 | பழைய டீசல்

31 யூனிட் மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்க முடியாமல் நின்றதா? இதைப் படித்து நான் சிரித்ததை வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். மன்னியுங்கள், சாலைக்குருவி.

பதிவு 12 | முறுக்குவிசை

சிரிப்புக்குரியதுதான், ஆனால் காரணம் உண்டு. பெரிய பேட்டரி நூற்றுக்கணக்கான வோல்ட். நிறுத்தியிருக்கும்போது அது வண்டியிலிருந்து முழுதாகத் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், பாதுகாப்பு அது. இணைக்கும் கனமான ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, இழுத்து மூடுவது 12 வோல்ட் மின்சாரம். அது செத்தால் பெரியது எவ்வளவு நிறைந்திருந்தும் பூட்டிய கிணறுதான். வண்டி விழித்திருக்கும்போது பெரியதிலிருந்து சிறியதுக்கு ஊட்டம் போகும். தூங்கும்போதும் அவ்வப்போது தானே எழுந்து ஊட்டிக்கொள்ளும் மாதிரிகள் பல உண்டு, ஆனால் எல்லாமும் அப்படியில்லை, சிலவற்றில் அந்த ஏற்பாடு சொதப்புகிறது.

ஒரு கேள்வி. வெளியூரில் இருந்தபோது செயலியைத் திறந்து திறந்து பார்த்தீர்களா?

பதிவு 13 | சாலைக்குருவி

பார்த்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இருக்கும். பிரிவுத் துயர்.

பதிவு 14 | முறுக்குவிசை

அதுதான். ஒவ்வொரு தடவை சதவீதம் பார்க்கும்போதும் வண்டியின் கணினிகள் தூக்கத்திலிருந்து எழுகின்றன. எழுந்தவை உடனே படுத்துவிடுவதில்லை. பல மாதிரிகளில் 12 வோல்ட்டிலிருந்து உறிஞ்சிக்கொண்டு சில நிமிடம் விழித்தே கிடக்கும். நீங்கள் அன்பினால் கொன்றுவிட்டீர்கள்.

பதிவு 15 | முதல்முறை

வணக்கம். முதல்முறையாக எழுதுகிறேன், முதல்முறையாகக் கார் வாங்கப்போகிறேன். தினமும் 45 கிலோமீட்டர். வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் பொருத்த வழி இருக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து முறை நெடும்பயணம். 50 யூனிட் எடுப்பதா, அடுத்த வகையான 64 யூனிட்டுக்குப் போவதா? எல்எஃப்பி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதிவு 16 | எண்பது போதும்

நான் 64 யூனிட் வைத்திருப்பவன், என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகை. என் அனுபவம் சாலைக்குருவிக்கு நேர்மாறு. தினசரி ஓட்டத்துக்கு எனக்கு இந்த அளவு தேவையே இல்லை. ஏறக்குறைய நூறு கிலோ கூடுதல் பேட்டரியை வேலையில்லாமல் சுமந்து திரிகிறேன், வாரத்தில் ஆறு நாள். என்எம்சி என்பதால் 80-க்கு மேல் ஏற்றாதே என்கிறது கையேடு. 64-இல் எண்பது சதவீதம் 51 யூனிட். எல்எஃப்பி வைத்திருப்பவர் அன்றாடம் கவலையின்றி நூறு வரை ஏற்றி 50 யூனிட்டோடு கிளம்புகிறார். சராசரி நாளில் எனக்கும் அவருக்கும் ஒரு யூனிட்தான் வித்தியாசம்! இதை உணர்ந்த அன்று இந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஏழாவது நாள் வரும். அப்பா மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரவு 310 கிலோமீட்டர் நிற்காமல் போனேன். சிறிய பேட்டரியில் அது நடந்திருக்காது. அந்த ஓர் இரவுக்காக நூறு கிலோ சுமக்கலாமா என்றால், நான் சுமப்பேன்.

பதிவு 17 | கணக்குப்பிள்ளை

தேய்மானப் பயத்துக்கு விடை. சாலைக்குருவி 19,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். நூறுக்கு 16 யூனிட் என்றால் மொத்தம் 3,040 யூனிட். 50 யூனிட் பேட்டரியில் அது 61 முழுச் சுற்று. எல்எஃப்பி செல்லுக்கு 2,000 சுற்று என்பது கஞ்சத்தனமான மதிப்பீடு, அதுவே ஆறு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். இருக்கைத் துணி முதலில் கிழியும். பேட்டரி ஓடித் தேய்வதைவிட வயதாகித் தேய்வதுதான் அதிகம், கொளுத்தும் வெயிலில் நூறு சதவீதத்தோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் அதை முதுமையாக்கும்.

வீட்டு சார்ஜிங்: 20-லிருந்து 100 வரை 40 யூனிட். இழப்பும் சேர்த்தால் 7.2 கிலோவாட்டில் ஆறு மணிநேரம். 45 கிலோமீட்டருக்கான ஏழு யூனிட்டுக்கு ஒரு மணிநேரம் கூடுதல்.

பதிவு 18 | முறுக்குவிசை

எல்எஃப்பிக்கு ஒரு வினோதம் உண்டு. அதன் மின்னழுத்தம் நடுப்பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட 3.2 வோல்ட்டிலேயே கிடக்கும். 30 சதவீதமா 60 சதவீதமா என்று வண்டியாலேயே துல்லியமாகச் சொல்ல முடியாமல் ஊகித்துக்கொண்டே போகும், பிழை சேரும். வாரம் ஒருமுறை நூறு வரை ஏற்றச் சொல்வது பெரும்பாலும் இதனால்தான், உச்சியில்தான் அளவு தெளிவாகத் தெரியும். ஏற்றாமல் விட்டால் 14 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 6-க்கு விழும்.

முதல்முறை, உங்கள் ஊரில் கடும்குளிர் உண்டென்றால் ஹீட் பம்ப் இல்லாத வகையை இரண்டாம் முறை யோசியுங்கள். சாதாரண மின்சூடேற்றி 3 கிலோவாட் தின்றால், நெரிசலில் மணிக்கு 30 கிலோமீட்டர் போகிறவருக்கு 100 கிலோமீட்டருக்கு 10 யூனிட் சூட்டுக்கே போய்விடும். இருக்கைச் சூடேற்றி இருந்தால் அதைப் போடுங்கள், அது பல மடங்கு சிக்கனம்.

பதிவு 19 | பின்சீட்டுப் பயணி

பேட்டரியைப் பற்றியே பேசுகிறீர்கள். முதல்முறை, பின்னால் யார் உட்காரப்போகிறார்?

பதிவு 20 | முதல்முறை

அம்மாவும் தங்கையும். கடும்குளிர் இல்லை, வெயில்தான்.

பதிவு 21 | சாலைக்குருவி

அப்படியானால் சோதனை ஓட்டத்துக்கு இருவரையும் கூட்டிப் போங்கள், நீங்கள் ஓட்டும் முழு நேரமும் அவர்கள் பின்னால் உட்காரட்டும். அரை மணிநேரத்துக்குக் குறைவாகத் தந்தால் ஏற்காதீர்கள். நூறு வேகத்தில் பத்து நிமிடம் சீராக ஓட்டி, யூனிட் கணக்கைத் திரையில் பாருங்கள். அவர்கள் சொல்லும் தூரத்தைக் கேட்காதீர்கள், 10-லிருந்து 80 வரை எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். மாற்றுச் சக்கரம் வைக்க டிக்கியில் பள்ளமாவது இருக்கிறதா என்று தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வைப்பர், அபாய விளக்கு ஆகியவற்றுக்குத் தொட்டுத் தடவி அறியக்கூடிய பொத்தான் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்சிஏபி 2026-லிருந்து இதற்கு மதிப்பெண்ணே ஒதுக்கியிருக்கிறது.

50-ஆ 64-ஆ என்பதில் நான் 50 பக்கம். 45 கிலோமீட்டர் ஓடுகிறவர் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை சார்ஜ் செய்தால் போதும், நெடும்பயணத்தில் ஒருமுறை கூடுதலாக நிற்பீர்கள். ஆனால் எண்பது போதும் எழுதிய அந்த இரவைப் படித்தபின் முன்போல் அடித்துச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியாக ஒன்று. விற்பனையாளரிடம் 12 வோல்ட் செத்துவிட்டால் கதவை எப்படித் திறப்பது என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பதிவு 22 | முதல்முறை

இன்று போய்வந்தோம். அம்மா பின்னால் உட்கார்ந்து இருபத்தைந்தாவது நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், தங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவை முன்சீட்டுக்கு மாற்றிவிட முடிவாகிவிட்டது, அவருக்கும் அதில் மகிழ்ச்சி. நூறு வேகத்தில் 17.4 யூனிட். 10-லிருந்து 80 வரை எவ்வளவு என்ற கேள்விக்கு மேலாளரைக் கூப்பிட்டார்கள்.

கதவு விஷயத்தையும் கேட்டேன். சாவிக்குள் இருந்த துண்டை எடுத்துக் காட்டினார். துவாரம் எங்கே என்றேன். வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், இன்னொருவரை அழைத்தார், இருவருமாகக் கையேட்டைப் புரட்டினார்கள். பதினோரு நிமிடம். அதற்குள் தங்கை மூடியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பதிவு 23 | பழைய டீசல்

தங்கையையே வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.